உள்ளேயிருந்து வந்த உப்பு

அன்று சனிக்கிழமை. காலையில் கிருபாபாய் தன் மகளை இரண்டு முறை திட்டினாள். ஒன்று, தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்ததற்கு. இன்னொன்று, சைக்கிளைத் துடைக்காமல் விட்டதற்கு. முதல் திட்டு அப்போதே மறந்துபோயிற்று. இரண்டாவது திட்டைத்தான் பிறகு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஏளா கிரேசி, இங்கன வந்து பாரு. முன் மட்கார்டு மேல என்னது இது, வெத்தலை எச்சியைத் துப்புன மாதிரி?"

கிரேசி ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். கிளிப்பச்சை நிறத்து லேடீஸ் சைக்கிள். இரண்டு மாதத்துக்கு முன்னால், அவளுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்த அன்று, சித்தப்பா தேவபிரசாதம் தன் கையால் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய வண்டி. அதன் முன் மட்கார்டில், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கழுத்துக்கு நேர் கீழே, காவி நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

"நேத்தும் இருந்துச்சும்மா. துடைச்சேன். மறுபடி வந்துருக்கு."

"கடல்காத்து அடிக்கிற ஊருல இரும்பை வச்சிக்கிட்டு நித்தமும் துடைக்கலைன்னா துரு வராம என்ன செய்யும்? உங்கப்பா ஊருல இருந்தா இந்நேரம் உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருப்பாக."

"அப்பா இருந்தா வண்டி என்ன சொல்லுதுன்னு முதல்ல கேட்டுருப்பாக. அது நாலு நாளா முனகுதும்மா. ஹேண்டில்பாரை ஒடிச்சுத் திருப்பினா முனகுது."

"ஓட்டுதவளுக்குத்தான் வாய் ஓயலைன்னா வண்டிக்குமா வாய்?"

கிருபாபாய் பழந்துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டு, அந்தக் காவிக் கோட்டை இருந்த இடம் தெரியாமல் தேய்த்தாள். மட்கார்டு பளிச்சென்று ஆனது. தன் கைவேலையை அவளே ஒரு தரம் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

"கோயில்ல பாட்டுப் பிராக்டிஸ். ஒரு மணிக்கு வந்துருவேன்" என்று கிரேசி கிளம்பினாள். ஆனி மாதத்துக் கச்சான் காற்று தெருவில் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவள் தெருமுனையில் திரும்பியபோது வண்டி ஒரு சத்தம் போட்டது. பசித்த பூனை மாதிரி ஒரு சின்னச் சத்தம். கிருபாபாய்க்கு அது கேட்டது. கேட்டும் அவள் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தாள்.

'வண்டி என்ன சொல்லுது?' என்பது கிரேசியின் அப்பா அருமைநாயகத்தின் வாசகம். கிரேட் காட்டன் ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிற அந்த மனிதர், வந்தவர் யாரையும் பார்த்து 'என்ன வேணும்?' என்று கேட்டதே கிடையாது. வாசலில் நிற்கிற நாயைத்தான் அப்படிக் கேட்கலாம் என்பார். வந்தவர் உப்பளத்துக்காரரோ, சங்கு குளிக்கிறவரோ, பாதிரியாரோ, முதலில் ஒரு செம்புத் தண்ணீர். அப்புறம், 'வாங்க அண்ணாச்சி, வண்டி என்ன சொல்லுது?' அவ்வளவுதான். வந்தவர் வண்டியின் நோயோடு தன் வீட்டு நோயையும் சேர்த்துக் கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார். கடை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டிய காற்றடிக்கும் பம்பு ஒன்று இருக்கும். யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், கேட்பாரில்லை.

அந்த அருமைநாயகம் இப்போது கண்புரை ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கட்டோடு நாசரேத்தில் தங்கை வீட்டில் படுத்திருக்கிறார். கடை அவருடைய தம்பி தேவபிரசாதத்தின் கையில். மெட்ராஸில் மவுண்ட் ரோட்டுக் கடை ஒன்றில் நாலு வருஷம் நின்றுவிட்டு வந்த பிள்ளையாண்டான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அண்ணன் மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவன். ஆனால் மனிதர்களை அவர்கள் காலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தான் எடை போடுவான். கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. டெலிபோன் வந்தது. 'நாயகம் சைக்கிள் கடை' என்ற பலகை 'நாயகம் சைக்கிள் மார்ட்' ஆனது. பக்கவாட்டில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, 'ரிப்பேர்காரர்கள் இங்கே நிற்கவும், வீண் பேச்சு கூடாது' என்று எழுதி மாட்டினான். ஓசிக் காற்றுக்குக் கண்ட கூட்டமும் வருகிறது என்று பம்பைக் கழற்றி உள்ளே பூட்டிவிட்டான்.

பெட்டி விவகாரம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொழும்புக்குத் தோணியில் ஏற்றும்போது ஒரு மரப்பெட்டி நழுவிக் கடலுக்குள் போனது. முன்னே முத்துக்குளித்து, இப்போது சங்கு குளிக்கிற நாலு பேர் ஒன்பதாம் நாள் முங்கி அதை வெளியே கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு டஜன் சைக்கிள் ஃபோர்க்குகள். தேவபிரசாதம் அதை ஏலத்தில் எடுத்தான். ஃபிட்டர் செல்லப்பாண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கோட்டு எனாமல் அடித்ததும் அவை கண்ணாடி போல மின்னின. அண்ணனுக்குக் கண் மங்கியிருந்த நேரம், அவர் கவனிக்கவில்லை. 'நனைஞ்சா இரும்பு செத்தா போகும்?' என்று தேவபிரசாதம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதற்கு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கிருபாபாயும்தான் சிரித்தாள்.

பன்னிரண்டரை மணிக்குக் கிருபாபாய் கொழுந்தனுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடை வாசலிலிருந்து ஒரு கறுப்புக் கார் கிளம்பிப் போயிற்று. யாரோ துறைமுகக் கான்ட்ராக்டர். அவர் குடித்து வைத்த கலர் பாட்டில் நாற்காலி ஓரத்தில் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.

சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில், ஒரு மனிதர் நின்றார். முழங்கால் வரை வெள்ளை பூத்திருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் அப்படித்தான் பூக்கும். பக்கத்தில் சுவரில் சாய்த்த கறுப்பு சைக்கிள். அதன் கேரியரில் சாக்கில் சுற்றிய ஏதோ ஒன்று. கிருபாபாய்க்கு ஆளைத் தெரிந்தது. மாசானம். முள்ளக்காட்டுப் பக்கம் அளத்தில் இருக்கிறவர். அருமைநாயகம் கடை போட்ட வருஷத்திலிருந்து வருகிறவர்.

"வாங்க அண்ணாச்சி. ஏன் வெயில்ல நிக்கிய?" என்றாள். புருஷனோடு இருபது வருஷம் குடும்பம் நடத்திய பழக்கத்தில் அடுத்த வார்த்தையும் தானாக வந்துவிட்டது. "வண்டி என்ன சொல்லுது?"

மாசானம் அவளைப் பார்த்தார். உதடு ஒரு தரம் கோணியது. பெரிய ஆண்பிள்ளை அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது.

"இந்த வார்த்தையைக் கேக்கத்தாம்மா மூணு நாளா நடக்கேன்."

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு தேவபிரசாதம் வெளியே வந்தான். வெள்ளைக்கார வேஷம் மாதிரி வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. "மைனி, நீங்க உள்ள வாங்க. இந்த ஆளு தினமும் இதே பாட்டுதான். யோவ், உனக்கு எத்தனை தரம் சொல்லுதது?"

"இருங்க தம்பி. அவரு சொல்லட்டும்."

"என்னத்தைச் சொல்லுவாரு? வண்டிக்குள்ள உப்பு இருக்காம். அளத்துல ஓட்டுத வண்டியில உப்பு இல்லாம சீனியா இருக்கும்?"

முதல் நாளும் இதையேதான் சொன்னான். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த ஊரில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? சன்னல் கம்பியை உப்பு தின்னும், ஆணியைத் தின்னும், அரிவாள்மணையைத் தின்னும். தூத்துக்குடியில் உப்பைப் பற்றிப் புகார் சொல்வது மழையில் நனைந்துவிட்டேன் என்று புகார் சொல்வது போல. உப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும் என்பது அதனாலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசானம் கேரியரிலிருந்த சாக்கை அவிழ்த்தார்.

"நான் உப்புக்குள்ள பொறந்தவன்மா. அளத்து உப்பு வெளிய இருந்துதான் தின்னும். மேல பெயிண்டை உரிச்சு, அப்புறம்தான் இரும்புக்குப் போகும். இது அப்படி இல்ல. பெயிண்டு அப்படியே இருக்கு. உள்ள இருந்து காவித் தண்ணி வடியுது. அதைச் சொல்லத்தான் வந்தேன். நேத்து எங்க நல்லக்கண்ணு வண்டி இப்படி ஆயிட்டு."

சாக்கிலிருந்து இரண்டு துண்டாக ஒடிந்த ஒரு ஃபோர்க்கை எடுத்து நீட்டினார். வெளியே எனாமல் பளபளவென்று இருந்தது. ஒடிந்த வாயைப் பார்த்தால் உள்ளே இரும்பே இல்லை. சொத்தைப் பல் மாதிரி கறுத்து, அடுக்கடுக்காகப் பொரிந்து, மேலே தாள் கனத்துக்கு ஒரு ஓடுதான் மிச்சம்.

"ஓட்டிக்கிட்டுப் போகும்போதே ஹேண்டில்பார் கையோட வந்துட்டு. முகம் தரையில. தாடையில ஏழு தையல், பல்லு மூணு இல்ல. அவனும் நானும் ஒரே வாரம் இங்கன வண்டி எடுத்தோம். எனக்கு வேற வண்டி தாங்கன்னு கேக்க வரலம்மா. என் வண்டியை நான் ஏறாம தள்ளிக்கிட்டேதான் மூணு மைல் வந்தேன். இதே மாதிரி வேற ஆருகிட்ட இருக்கோ, அவங்களைக் கூப்பிட்டு நிப்பாட்டச் சொல்லுங்க."

தேவபிரசாதம் ஒடிந்த ஃபோர்க்கை வாங்கவில்லை. பார்த்தான். அவன் கை பேண்ட் பையைத் தடவியது, எதற்கென்று அவனுக்கே தெரியாது. உள்ளே ஸ்பானரோடு நின்ற செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும், அது எந்தப் பெட்டி என்று.

கிருபாபாய் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாசானத்தின் சைக்கிள். முன் மட்கார்டின் மேல், ஃபோர்க்கின் கழுத்துக்கு நேர் கீழே, காவி நிறத்தில் ஒரு கோடு.

அவள் கையில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை இருந்தது.

"அண்ணாச்சி, இது முனகுமா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "திரும்பும்போது?"

"முனகும்மா. ஒரு வாரம் முனகும். அப்புறம் ஒரு நாள் சத்தம் நின்னுரும். சரியாயிட்டுன்னு நாம நினைப்போம். நல்லக்கண்ணுவுக்கு அப்படித்தான் ஆச்சு."

கிருபாபாய் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "தம்பி, கிரேசி வண்டிக்கும் இந்தப் பெட்டி ஃபோர்க்குதானா?"

செல்லப்பாண்டிதான் பதில் சொன்னார். "ஆமாம்மா. பச்சை எனாமல் நான்தான் அடிச்சேன்."

"சரி, அவ கோயில்லதான இருக்கா. நான் போய்க் கூட்டிட்டு வாரேன்" என்று கிருபாபாய் செருப்பைக்கூடத் தேடாமல் படியிறங்கினாள்.

"மைனி." தேவபிரசாதம் குறுக்கே வந்து நின்றான். "கோயில்ல இல்ல மைனி. பதினொரு மணிக்கு இங்கன வந்தா. ஹார்பர் குவார்ட்டர்ஸ்ல சிவசுப்பிரமணியன் சார்னு பெரிய இன்ஜினியர். அவரு மகளோட சின்ன சைக்கிளுக்குப் பெல் வேணும்னு கேட்டுருந்தாக. வீட்டுலயே கொண்டாந்து குடுக்கோம்னு சொல்லிட்டேன். நான்தான் கிரேசியை..."

மீதியை அவன் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நாளாக நடக்கிற மனிதருக்கு ஒரு செம்புத் தண்ணீர் இல்லை. பெரிய இன்ஜினியர் வீட்டுக்கு ஒரு பெல் ஆறு மைல் தூரம் சவாரி போயிருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு, உப்பு லாரிகள் வரிசை கட்டிப் போகிற ரோட்டில், எதிர்காற்றில், கிருபாபாயின் ஒரே மகள் பெடலை அழுத்திக்கொண்டு போயிருக்கிறாள். கிருபாபாய் சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் பண்ணுங்க தம்பி. அங்கன இருந்தா நிப்பாட்டச் சொல்லுங்க."

தேவபிரசாதம் ஓடினான். அந்த எண் அவனுக்கு மனப்பாடம். பெரிய மனிதர்களின் எண்கள் எல்லாமே அவனுக்கு மனப்பாடம்.

"வணக்கம், நாயகம் சைக்கிள் மார்ட்ல இருந்து பேசுறேன். மேடம்கிட்ட கொஞ்சம் குடுக்க முடியுங்களா?"

அந்தப் பக்கத்துக் குரல் கிருபாபாய்க்கே கேட்டது. அவ்வளவு கணீரென்று இருந்தது.

"அம்மா படுத்திருக்காக. கடைக்காரங்க பேசுனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பேசச் சொல்லிருக்காக."

"ரொம்ப அர்ஜென்ட்டுங்க. ஒரே ஒரு நிமிஷம்..."

"எல்லாக் கடைக்காரங்களும் அர்ஜென்ட்டுன்னுதான் சொல்லுதாங்க."

டொக்கென்று வைத்துவிட்டார்கள். தேவபிரசாதம் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அதைப் பார்த்து ஆறுதல்படக் கிருபாபாய்க்கு நேரம் இல்லை.

"நான் நேர்ல போறேன்" என்றான் தேவபிரசாதம். "செல்லப்பாண்டி, டாக்சி ஸ்டாண்டுக்கு ஓடுங்க. டாக்சி கிடைக்கலைன்னா, இங்கயே ஏதாவது ஒரு சைக்கிளை எடுத்துக்கிடுதேன்."

செல்லப்பாண்டி ஓடினார். கடை நிறையப் பதினான்கு புதுச் சைக்கிள்கள் நின்றன. எல்லாவற்றுக்கும் உடம்பு முழுக்கக் காக்கித்தாள் சுற்றியிருந்தது. ஒன்றின் டயரிலும் காற்று இல்லை. காட்சிக்கு நிற்கிற வண்டிக்குக் காற்று எதற்கு? தேவபிரசாதத்துக்குச் சொந்தமாக ஒரு சைக்கிளும் கிடையாது. ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு மூன்று வருஷமாகக் காத்திருக்கிறான். அது வருகிறவரை சைக்கிள் மிதிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம். சைக்கிள் விற்கிற மகராசனுக்கு அப்படி ஒரு கௌரவம்.

அவன் ஒரு வண்டியின் தாளைக் கிழித்தான். உள்ளறையைத் திறந்து, பூட்டி வைத்திருந்த பம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெள்ளைப் பேண்டோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுத்தினான். பம்பு புஸ் என்று பெருமூச்சு விட்டது. டயர் அசையவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி பெருமூச்சு.

வாசலிலிருந்து மாசானம் சொன்னார்: "வாஷர் காஞ்சுட்டு. நித்தம் நாலு பேரு அடிச்சாத்தான் பம்பு தோலு பதமா இருக்கும். பூட்டி வச்சா இப்படித்தான். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்க."

தேவபிரசாதம் எண்ணெய்க் கேனைத் தேடினான். எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான்.

"ரோட்டுல போனா ஆறு மைல்" என்றார் மாசானம், யாரிடம் என்றில்லாமல். "அளத்து வரப்பு வழியாப் போனா மூணு மைல்தான். வரப்புல கார் போகாது. சைக்கிள் போகும்."

கிருபாபாய் மேஜைக்குப் போய் டெலிபோனை எடுத்தாள். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த எண்ணை அழகாக எழுதி வைத்திருந்தான் கொழுந்தன். 'இயேசுவே, இந்தப் பிள்ளையை எடுக்கச் சொல்லும்' என்று சொல்லிக்கொண்டே சுழற்றினாள்.

"ஹலோ" என்றது அதே குரல், எரிச்சலோடு.

"தாயி, நீ யாரும்மா பேசுதது? உன் பேரு என்ன?"

அந்த வீட்டு டெலிபோனில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"சண்முகத்தாய்."

"சண்முகத்தாய், காலையில உங்க வீட்டுக்குப் பெல் கொண்டு வந்துதே ஒரு பிள்ளை, பச்சை சைக்கிள்ல. நான் அவளைப் பெத்தவ பேசுதேன்."

"அந்தப் பிள்ளையோட அம்மாவா?" குரல் அடியோடு மாறிவிட்டது. "நல்ல பிள்ளைம்மா அது. அம்மா பெல்லை வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாக. அது அடுப்படி வாசலுக்கு வந்து எங்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, என் பேரு, என் பிள்ளைங்க பேரு எல்லாம் கேட்டுச்சு."

கிருபாபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

"இப்ப எங்கம்மா இருக்கா அவ?"

"இங்கன இல்லையேம்மா. எங்க பாப்பா கப்பல் பாக்கணும்னு ஒரே அழுகை. பிள்ளை மனசு கேக்காம, கேரியர்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கு. அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

"எந்தப் பக்கம்?"

"பாலத்துப் பக்கம். உப்பு லாரி ஏறுமே, மேட்டு ரோடு. அங்கன இருந்து பாத்தாத்தான் கப்பல் நல்லாத் தெரியும். இன்னேரம் மேட்டுல ஏறிருப்பாக. திரும்பி வரும்போது இறக்கம்தான், சுளுவா வந்துருவாக."

இறக்கம். கேரியரில் ஒரு குழந்தை. எதிரே லாரி. கிருபாபாய் மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். கத்தினால் அந்தப் பெண் பயந்துவிடுவாள், பயந்தால் ஒன்றும் நடக்காது என்று எங்கிருந்தோ ஒரு புத்தி வந்தது.

"சண்முகத்தாய், நான் சொல்லுததைக் கேளு தாயி. அந்த வண்டி முறியப் போகுது. கழுத்துல இரும்பே இல்ல. உடனே ஓடு. அவ கண்ணுல பட்டதும் ஏறாதன்னு சத்தம் போடு. ரெண்டு பேரும் இறங்கி நடந்து வரணும். போனை வைக்காத, அப்படியே கீழ போட்டுட்டு ஓடு."

"ஐயோ, பாப்பா..." என்றாள் சண்முகத்தாய். டெலிபோன் எதன் மேலோ மோதி உருண்டது. காலடிகள் ஓடின. ஒரு கதவு அடித்துக்கொண்டது. அதற்கப்புறம் ரிசீவருக்குள் காற்றுதான் கேட்டது. இங்கே வீசுகிற அதே கச்சான் காற்று, ஆறு மைலுக்கு அப்பால்.

கிருபாபாய் காதை எடுக்கவில்லை. காலையில் அந்தக் காவிக் கோட்டைத் தேய்த்த துணி அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. வண்டி எழுதிக் காட்டியதை நான்தானே அழித்தேன், என் கையாலேதானே அழித்தேன் என்று அவள் மனசு அவளைக் குத்தியது. வண்டி முனகுகிறது என்று பிள்ளை சொன்னாளே. ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே.

"பாலத்து மேட்டுல இருக்காளாம்" என்றாள், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு. "ஒரு சின்னப் பிள்ளையைப் பின்னால வச்சிக்கிட்டு. இறக்கத்துல வரப்போறா."

தேவபிரசாதம் எண்ணெயைக் கண்டுபிடித்து ஊற்றியிருந்தான். பம்பு இப்போது கொஞ்சம் பிடித்தது. வெறிபிடித்தவன் போல அடித்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. கிரீஸ் பட்டு வெள்ளைப் பேண்ட் முழங்காலில் கறுத்தது. டயர் பாதி எழும்பிவிட்டு நின்றது. செல்லப்பாண்டி மூச்சிரைக்க வந்து, ஸ்டாண்டில் ஒரு டாக்சியும் இல்லை என்றார்.

தேவபிரசாதம் நிமிர்ந்து வாசலைப் பார்த்தான்.

"அண்ணாச்சி" என்றான்.

மாசானத்தை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அந்த வரப்பு வழி எங்கன பிரியுதுன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நான் அதுலயே போறேன்."

பதில் வரவில்லை. அவன் பம்பைப் போட்டுவிட்டு வெளியே வந்தான். கிருபாபாய் ரிசீவரைப் பிடித்தபடியே, அதன் வயர் விடுகிற தூரம் வரைக்கும் எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் சாக்கும் ஒடிந்த ஃபோர்க்கும் மட்டும் கிடந்தன. சுவரில் சாய்த்திருந்த கறுப்பு சைக்கிளைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் இரண்டு மூன்று காவிச் சொட்டுகள் இன்னும் காயாமல் இருந்தன.

மூன்று மைல் தள்ளிக்கொண்டே வந்த வண்டியில் மாசானம் ஏறிப் போயிருந்தார்.